முடிச்சு தெரியட்டும்

மெஷின் பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உற்சாகமூட்டும் ஆள் இல்லை. அதற்கென்று வேறு ஆட்கள் வருவார்கள். படம் போட்டுக் காட்டுவார்கள், கைதட்டச் சொல்வார்கள், நடுவில் டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கெட்டுப்போன மெஷின்களும், அவற்றால் வாழ்க்கை கெட்டுப்போன சில மனிதர்களும்தான். ஓய்வு பெற்று ஆரணியில் வீட்டோடு இருக்கிறேன். காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் என் கால் இன்னும் செருப்பைத் தேடுகிறது. என் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கிரீஸ் எப்போது வைப்பது, பேரிங் எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. நான் ஒரு கயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செய்யார் பக்கத்தில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கடைசியாக வேலை பார்த்தேன். அங்கே இரண்டு ஷெட். ஒன்றில் ரப்பரைக் கலந்து தகடாக்குவார்கள். இன்னொன்றில் அந்தத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திப் பொருளாக்குவார்கள். நான் இரண்டாவது ஷெட்டின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தேன். முதல் ஷெட்டில் இருந்ததுதான் மிக்ஸிங் மில். பார்க்காதவர்கள் கரும்புச்சாறு பிழியும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்துப் பங்கு பெரிதாக்கினால் மில். இரண்டு இரும்பு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு உள்நோக்கிச் சுழலும். நடுவில் எது போனாலும் இழுத்து நசுக்கும். அதற்கு ரப்பரும் கையும் ஒன்றுதான்.

அதனால் ஆபரேட்டரின் தலைக்கு மேலே, உருளைகளின் நீளத்துக்கு, ஒரு கயிறு போகும். கை மாட்டினால் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் ஓரத்தில் ஒரு நெம்புகோல் அசையும், மில் நின்றுவிடும். மில்லில் நிற்பவன் பெண்டாட்டியின் தாலி அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது என்று ஷெட்டில் சொல்வோம். எதையும் கேலியாகவே சொல்லிப் பழகிவிட்ட இடம் அது.

அந்த மில்லை ஓட்டியவர் ஏழுமலை. கழனி வேலைக்குப் போகும் குடும்பம். மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அந்த வீட்டில் அவர்தான். மில்லைப் பழுது பார்த்தவர் தாமோதரன். முள்ளிப்பட்டில் பட்டுத்தறி போட்ட குடும்பத்துப் பிள்ளை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஃபிட்டராக வந்தவர். இருவரும் ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறுவார்கள், ஒரே சீட்டில் உட்காருவார்கள். தாமோதரன் வழியெல்லாம் ஏழுமலையின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவார். "பொண்டாட்டி கூட இப்டி சாயறதில்லண்ணா" என்று ஏழுமலை என்னிடம் புகார் சொல்வார். ஆனால் தோளை நகர்த்த மாட்டார்.

எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் தறி வீட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தறியில் அது குறையே இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் அவர்கள் பதறுவதில்லை. இரண்டு முனையையும் எடுத்துக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கட்டிய இடம் தெரியவும் கூடாது. தெரிந்தால் சேலையில் துருத்திக்கொண்டு நிற்கும். வேலை கொடுத்தவர் விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். முடிச்சு கெட்டியாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், இருப்பதே தெரியக்கூடாது. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த கை, ஸ்பானர் பிடித்தாலும் அதே வேலையைத்தான் செய்யும்.

தாமோதரனுக்கு அப்படிப்பட்ட கை. அறுந்த பெல்ட், கிழிந்த ஹோஸ், விட்டுப்போன ஒயர், எதைக் கொடுத்தாலும் ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமல் திருப்பித் தருவார். 'எங்கே ஒட்டுப் போட்டாய், காட்டு பார்க்கலாம்' என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு. அவரை ஷெட்டே கொண்டாடியது. மேனேஜருக்கு அவர் செல்லப்பிள்ளை.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய நேரம். நான் என் ஷெட்டில் இருந்தேன். முதல் ஷெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓடினேன்.

ஏழுமலையின் வலது கை உருளைகளுக்கு நடுவே போயிருந்தது. கையுறை ரப்பரோடு ஒட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. தூரத்தில் நின்ற ஒருவர் ஓடிப்போய்ப் பேனலில் சிவப்பு பட்டனை அடித்து மில்லை நிறுத்தியிருந்தார். அவர் ஓடி வந்து சேர்வதற்குள் போக வேண்டியது போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் "ரிவர்ஸ் போடு, ரிவர்ஸ் போடு" என்று கத்தினார்கள். ஒருவர் ரிவர்ஸ் பட்டனில் விரலையே வைத்துவிட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

காரணம் இதுதான். அந்த மோட்டார் அப்போதுதான் உள்ளே கம்பிச் சுருளை மாற்றி, காயில் கட்டி வந்திருந்தது. மாட்டிய பிறகு ரிவர்ஸ் சரியாகப் பின்பக்கம்தான் சுற்றுகிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். யாரும் பார்த்திருக்கவில்லை. பட்டன் மாறி வேலை செய்தால் மீதிக் கையும் உள்ளே போகும். கரண்டை முழுதாக நிறுத்தச் சொல்லிவிட்டு, உருளைகளை விலக்கும் திருகுகளைக் கையால் திருப்ப வைத்தேன். அது மெதுவான வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழுமலை என்னைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கத் திருகைத் திருப்பியவர் தாமோதரன். கண்ணீர் வழிய வழியத் திருப்பினார்.

பிறகு சோதித்தபோது ரிவர்ஸ் சரியாகவே வேலை செய்தது. போட்டிருந்தால் சீக்கிரம் கையை எடுத்திருக்கலாம். தெரியாத பட்டனை அமுக்காமல் விட்டதை நான் இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். சரியானதைச் செய்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடப்பதும் இந்த வேலையில் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள்.

வேலூரில் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஷெட்டோடு சம்பந்தமில்லாத ஆள் என்பதால் நான் மில்லைச் சோதித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றார். அபிப்பிராயத்தை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

"கயிறு நல்லா இருக்கு. நாலு பேர் இழுத்துப் பாத்தாச்சு, மில் நிக்குது. அந்த ஆள் பதட்டத்துல கயிறை இழுக்கவே இல்ல. ஆபரேட்டர் கவனக்குறைவு, அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கவனக்குறைவு என்று முடிவானால் ஏழுமலைக்கு இனி அங்கே வேலை கிடையாது. கையில்லாதவனுக்கு வெளியில் யாரும் வேலை தரப்போவதுமில்லை. போன கைக்கு அவனேதான் காரணம் என்று ஊரே சொல்லும்.

நான் மில் முன்னால் நின்று கயிற்றை இழுத்தேன். நின்றது. ஓட விட்டு மறுபடி இழுத்தேன். மறுபடியும் நின்றது. மேனேஜர் கையை விரித்தார். எனக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் ஆளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று அன்று சாயங்காலம் வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

கட்டிலில் ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் இழுத்தேண்ணா. சத்தியமா இழுத்தேன். கயிறு வரல. வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிகினே இருக்கறேன், யாரும் நம்ப மாட்றாங்கோ. நீயாவது நம்புவியா?"

"எப்டி இழுத்தப்பா? நிதானமா சொல்லு."

"இன்னாண்ணா எப்டி இழுக்கறது? இந்தக் கை உள்ள பூட்ச்சி. ஆளையே கீழ இழுக்குது. இப்டிதான் இழுத்தேன்."

சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். கட்டுப் போட்ட வலது கையை முன்னால் நீட்டி, உடம்பை அந்தப் பக்கமாக வளைத்து, தலையைத் தாழ்த்தி, இடது கையை மட்டும் மேலே எட்டிப் போட்டுக் குறுக்கே இழுத்தார். வலியில் பாதியில் நின்றுவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஐந்து பேர் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறோம். ஐந்து பேரும் நேராக நிமிர்ந்து நின்று, இரண்டு கையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கோயில் மணி அடிப்பதுபோல் இழுத்திருக்கிறோம்.

அடுத்த நாள் மேனேஜரை வரச் சொன்னேன். மில்லில் ரப்பர் போடாமல் வெறும் உருளையை ஓட விட்டோம். சிவப்பு பட்டனில் ஒருவரை நிறுத்தினேன். உருளைக்கு எட்டாத தூரத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு, வலது கையை அதில் ஊன்றி, ஏழுமலை வளைந்ததுபோல் வளைந்தேன். இடது கையால் கயிற்றைப் பிடித்துக் குறுக்காகக் கீழே இழுத்தேன்.

கயிறு கொஞ்சம் வந்தது. பிறகு எங்கேயோ பிடித்துக்கொண்டது. நான் தொங்கிப் பார்த்தேன். மில் ஓடிக்கொண்டே இருந்தது.

 மேனேஜர்தான் கடைசியில் "நிறுத்துங்க" என்றார், பட்டனில் நின்றவரிடம்.

நெம்புகோல் பக்கம் கயிறு ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து வரும். ஏணி போட்டு ஏறி அங்கே தடவினேன். அந்த ஷெட்டில் எல்லாவற்றின் மேலும் ரப்பரில் கலக்கும் கார்பன் பொடி கரியாகப் படிந்திருக்கும். கயிறும் கரி, வளையமும் கரி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலில் பட்டது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு. முனைகளை ஒட்ட நறுக்கிய முடிச்சு. நேராக இழுத்தால் அது வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். குனிந்து குறுக்கே இழுத்தால் கயிறு வளையத்தின் விளிம்பில் அழுந்தி, முடிச்சு அங்கேயே மாட்டிக்கொள்ளும். நான் ஆரணிக்காரன். தறி வீட்டில் பிறக்காவிட்டாலும் அது எந்தக் கை போட்ட முடிச்சு என்று எனக்குத் தெரியும். கீழே பார்த்தேன். கூட்டத்திலிருந்து தாமோதரன் தானாகவே முன்னால் வந்தார்.

"நான்தாங்க கட்டினேன்" என்றார்.

"யாரைக் கேட்டுக் கட்டின?" என்று மேனேஜர் கத்தினார்.

"கயிறு அறுந்துச்சுங்க. ஸ்டோர்ல புதுசு கேட்டேன், வரணும்னாங்க. அர்ஜென்ட் ஆர்டர் ஒண்ணு ஓடிகினு இருந்துச்சு. மில்ல நிறுத்தாத, ஜல்தி எதுனா பண்ணி ஓட்டுன்னு நீங்கதான சார் சொன்னீங்கோ? கட்டினேன். அவுந்துடக் கூடாதுன்னு நல்லா இறுக்கி கட்டினேன். இழுத்தும் பாத்தேன் சார், நின்னுச்சு." என் பக்கம் திரும்பினார். "நான் நிமுந்து நின்னு இழுத்தேண்ணா."

முடிச்சு அவிழவே இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. மோசமான வேலைக்காரன் கட்டியிருந்தால் அன்றே அவிழ்ந்திருக்கும், கயிறு தொங்கியிருக்கும், யாராவது பார்த்திருப்பார்கள். விகாரமாக, முட்டையளவு முடிச்சாகக் கட்டியிருந்தாலும் முதல் சோதனையிலேயே வளையத்தில் மாட்டியிருக்கும். நல்ல கை என்பதால்தான் அது எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

இதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். வேறு வழியே இல்லாமல் ஒட்டுப் போட நேர்ந்தால் அசிங்கமாகப் போடுங்கள். சிவப்புத் துணியைக் கட்டுங்கள், பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள், போகிறவன் வருகிறவனெல்லாம் 'இது என்ன கண்றாவி' என்று கேட்கட்டும். கேட்டால்தான் புதுசு வரும். உயிரைக் காக்கும் பாகத்தில் அந்த ஒட்டும் வேண்டாம், மில்லை நிறுத்திவிடுங்கள். 'இழுத்தேன், நின்றது' என்று யாராவது சொன்னால், எப்படி நின்றுகொண்டு இழுத்தாய் என்று கேளுங்கள். ஆபத்தில் இருப்பவன் நிமிர்ந்து நிற்க மாட்டான். அவன் வளைந்திருப்பான், ஒரு கைதான் இருக்கும், அதுவும் பழக்கமில்லாத கையாக இருக்கும். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று சிரித்துவிட்டுப் போகும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தலைப்பாகை போன அன்றே மெஷினை நிறுத்தியவனை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் நியாயத்தைத் தேடாதீர்கள். ஏழுமலையின் மேல் தப்பில்லை என்று ஆயிற்று. கேட்டில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்து அனுப்பும் வேலை கொடுத்தார்கள். தாமோதரனை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் மேனேஜர் அறையில் போய், புதுக் கயிறு வாங்காதவரையும் நிறுத்தாதே என்றவரையும் விட்டுவிட்டுக் கட்டியவனை மட்டும் அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்டேன். "பேஜார் பண்ணாதீங்க" என்றார். கொஞ்ச நாளில் அவரே பெரிய பதவிக்கு வேறு ஊர் போனார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஒருவனைக் காப்பாற்றுவதற்காக நான் காட்டிய முடிச்சுதான் இன்னொருவனின் கழுத்தைச் சுற்றியது. காட்டாமல் இருந்திருக்க முடியாது. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஏழுமலை ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். "தாமுவ பாக்கணும்ண்ணா. தனியா போக கூச்சமா கீது. நீயும் வா" என்றார். என் வண்டியில் முள்ளிப்பட்டுக்குப் போனோம். தாமோதரன் வீட்டில் மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காரு, உக்காரு, நெய்யி" என்றார் ஏழுமலை. பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டோம். தாமோதரனின் மனைவி டீ கொண்டுவந்தார். பஸ் இப்போது எந்த வழியாக வருகிறது, யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று ஏழுமலைதான் பேசிக்கொண்டே இருந்தார். அவர் வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். தாமோதரன் ஒரு முறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குறுக்கே ஓடும் நாடாவையே பார்த்துக்கொண்டு நெய்தார்.

நெய்துகொண்டிருக்கும்போது பாவில் ஓர் இழை அறுந்தது. கண்ணை மூடிக்கொண்டே கட்டக்கூடியவர் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அவர் தறியை நிறுத்தினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அறுந்துச்சு, வா."

"ஏன், நீ கட்டேன்" என்றார் ஏழுமலை, விளையாட்டாக.

 தாமோதரனின் மனைவிதான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கம்பெனிலேருந்து வந்ததுலேருந்து கட்டறதில்லைங்க. நான்தான் வந்து வந்து கட்டிகினு இருக்கறேன்" என்றார். அறுந்த முனையைத் தேடினார். அது பாவுக்குள் பின்னால் போய் மறைந்திருந்தது.

ஏழுமலை எழுந்துபோய்த் தறியின் மேல் குனிந்தார். இடது கையால் துழாவி அந்த முனையைக் கண்டுபிடித்து, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டார்.

"ம், கட்டும்மா" என்றார்.

அவர் பிடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மா கட்டினார். தாமோதரன் கையை மடியிலிருந்து எடுக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.